கேப் டவுன் மக்கள் காத்த பள்ளியும் மையவாடியும்



ஆண்டறிக்கை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என நிர்வாகிகள் கேட்டபோது ஜகாத்தைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். மலரோடு அச்சாகவிருக்கும் வரவு செலவுக் கணக்கைப் புரட்டியபோது எண்ணம் மாறியது. மையவாடியின் பராமரிப்பு, வக்ஃபு கடைகளின் வாடகை என்னும் வரிகளை ஆண்டுதோறும் படிக்கிறோம், கடந்து போகிறோம். இந்த இரண்டு வரிகளுக்காகவே இருநூறு ஆண்டுகள் போராடிய ஒரு ஜமாஅத்தின் வரலாற்றைச் சொன்னால் என்ன என்று தோன்றியது. அந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருக்கிறது. நமக்கும் அதற்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், சிக்னல் குன்றின் சரிவில் அமைந்த பகுதிக்குப் போ-காப் என்று பெயர். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘கேப்புக்கு மேலே’ என்பது பொருள். கல் பாவிய செங்குத்தான வீதிகள், பச்சையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வண்ணம் பூசிய தாழ்ந்த வீடுகள், அவற்றினிடையே சிறிய மினாராக்கள். சுற்றுலா விளம்பரங்களில் இப்படத்தைப் பலரும் பார்த்திருக்கக் கூடும். வாடகைக்கு இருந்த காலத்தில் வெள்ளையாகவே இருந்த வீடுகளை, சொந்தமாக வாங்கிய பின்னரே மக்கள் தம் விருப்பப்படி வண்ணம் பூசினர் என்று அவ்வூரார் கூறுவர்.

1652ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கப்பல்களுக்கான தங்குமிடம் அமைத்தது. வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், இலங்கை, மடகாஸ்கர் எனப் பல இடங்களிலிருந்தும் மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினர். அந்தப் பட்டியலில் நமது சோழமண்டலக் கரையும் உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்களின் கோட்டைகள் இருந்த காலம் அது. அடிமைகளுக்குத் தந்தை பெயர் எழுதும் வழக்கம் இல்லை. ‘வங்காளத்து அஹ்மத்’, ‘இலங்கைக் கோரிடான்’ என்று எந்தக் கரையிலிருந்து வந்தாரோ அந்தக் கரையே பெயராயிற்று. தம் கொள்கைக்கு எதிராக நின்ற கிழக்குத் தீவுகளின் அரச குடும்பத்தாரையும் மார்க்க அறிஞர்களையும் அரசியல் கைதிகளாக அங்கேயே நாடு கடத்தியது கம்பெனி. இஸ்லாத்தை அந்த மண்ணுக்குக் கொண்டு சென்றவர்கள் விலங்கிடப்பட்ட இந்த மனிதர்களே.

அவர்களுள் தலையாயவர் இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள். திதோர் தீவின் அரச குலத்தவர். துவான் குரு என்று மக்கள் அழைத்தனர். 1780ஆம் ஆண்டு கைதியாகக் கொண்டுவரப்பட்டு ராபன் தீவில் அடைக்கப்பட்டார்கள். பின்னாளில் நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்த அதே தீவுதான். கையில் ஒரு முஸ்ஹஃபும் இல்லை. நினைவிலிருந்தே திருக்குர்ஆன் முழுவதையும் தம் கையால் எழுதினார்கள். 1781இல் ‘மஃரிஃபத்துல் இஸ்லாம் வல் ஈமான்’ என்னும் நூலையும் எழுதி முடித்தார்கள். இமாம் ஸனூஸி (ரஹ்) அவர்களின் அகீதா வழியில் அல்லாஹ்வின் இருபது ஸிஃபாத்துகளை விளக்கும் பகுதி அதில் இடம்பெற்றுள்ளது. மக்தபில் தரையில் அமர்ந்து அந்த இருபதையும் ஒப்பித்த நம் தலைமுறைக்கு இதைப் படிக்கும்போது கண் கலங்கும். அவர்களும் ஷாஃபி மத்ஹபினர். கடல் கடந்து போன கிதாபுகள் ஒன்றே.

விடுதலையான பின் 1793இல் டார்ப் வீதியில் ஒரு மதரஸா தொடங்கினார்கள். அடிமைகளின் பிள்ளைகளும் விடுதலை பெற்றோரின் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக அமர்ந்து ஓதினர். அதே வீதியில் எழுந்தது அவ்வல் மஸ்ஜித். அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் என்பதால் ‘அவ்வல்’. 1794ஆம் ஆண்டை அதன் தொடக்கமாகக் கொண்டாடுகின்றனர். டச்சுக் கம்பெனி ஆட்சியில் இஸ்லாமிய வழிபாட்டை வெளிப்படையாக நடத்த அனுமதி கிடையாது. ஆகவே அது வெளிப்பார்வைக்கு ஒரு வீடாகவே இருந்தது. அதற்கு முன்பு சியாப்பினி வீதியின் கல்லுடைக்கும் குவாரியில் திறந்தவெளியில் ஜும்ஆ தொழுதிருக்கின்றனர்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அந்த இடம் யாருடையது? இலங்கையிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்ற கோரிடான் என்பவருடையது. அவருக்குப் பின் அவருடைய மனைவியிடமும், அதன்பின் மகள் ஸார்ச்சி என்பவரிடமும் அச்சொத்து வந்தது. அந்த அம்மையார் அதைப் பள்ளிவாசலுக்கென்றே விட்டுக்கொடுத்தார். அவருடைய கணவர் வங்காளத்து அஹ்மத், துவான் குருவின் மாணவர். பின்னாளில் அப்பள்ளியின் இமாமாகவும் இருந்தார். தன் உடலே தனக்குச் சொந்தமில்லாத நிலையிலிருந்து மீண்ட ஒரு குடும்பம், கையில் கிடைத்த முதல் நிலத்தை அல்லாஹ்வின் பெயரால் விட்டுவிட்டது. அந்நாட்டின் முதல் பள்ளிவாசலுக்கு இடம் தந்தவர் ஒரு பெண்மணி என்பதை நம் ஜமாஅத்தின் தாய்மார்கள் அறிந்துகொள்ளட்டும்.

1803இல் கேப் பகுதி சிறிது காலம் பட்டேவியக் குடியரசின் ஆட்சிக்கு வந்தது. 1804இல் ஆணையர் டி மிஸ்ட் வெளியிட்ட ஆணை, முஸ்லிம்கள் வெளிப்படையாகத் தொழ முதல்முறையாக வழிசெய்தது. ஆங்கிலேயர் படையெடுப்பு நெருங்கிய வேளை. முஸ்லிம்களின் துணை ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டது. கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அடுத்த ஆண்டு, 1805இல், குன்றின் சரிவில் லாங்மார்க்கெட் வீதியின் மேற்கோடியில் வங்காளத்து ஃபிரான்ஸ் என்பவரின் பெயரில் மையவாடிக்கென நிலம் வழங்கப்பட்டது. அதற்குத் ‘தானா பாரு’ என்று பெயரிட்டனர். மலாய் மொழியில் ‘புதிய நிலம்’. 1807இல் துவான் குரு மறைந்தபோது அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். யமனின் மோக்கா நகரிலிருந்து 1744இல் நாடு கடத்தப்பட்டு வந்த ஸையித் அலவி (ரஹ்) அவர்களின் கபரும் அங்கே உள்ளது.

எண்பது ஆண்டுகள் கழித்து அந்த மையவாடியில்தான் சோதனை வந்தது.

1882இல் கேப் டவுனில் பெரியம்மை கடுமையாகப் பரவியது. நகர நிர்வாகம் நோயாளிகளைத் தனியிடத்துக்குக் கொண்டுபோக முயன்றது. அம்மை குத்த வற்புறுத்தியது. முஸ்லிம்களில் பலர் மறுத்தனர். நோயாளியை வீட்டிலேயே மறைத்தவர்களும் உண்டு. இதில் அம்மக்கள் பக்கம் முழுதும் நியாயம் இருந்தது என்று நாம் கூற மாட்டோம். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்று வழிகாட்டிய மார்க்கம் நம்முடையது. ஆனால் நகர நிர்வாகமும் அவர்களை மனிதர்களாக மதித்துப் பேசவில்லை. நோய்க்குக் காரணமே முஸ்லிம்களின் வீடுகளும் மையவாடியும்தான் என்னும் பேச்சு வெள்ளையரிடையே பரவியது. 1883இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. நகருக்குள் உள்ள அடக்கத் தலங்களை மூட அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. கிறிஸ்தவ அடக்கத் தலங்களும் அச்சட்டத்துக்குத் தப்பவில்லை.

முஸ்லிம்கள் மனுக்கொடுத்தனர், பேசினர், காத்திருந்தனர். அவர்களுக்காகப் பேசியவர் அப்துல் பர்ன்ஸ் என்னும் குதிரைவண்டி ஓட்டுநர். ஆலிமல்லர், செல்வந்தரல்லர். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர், அதிகாரியின் முன் குரல் நடுங்காதவர். அவருடைய வாதம் எளியது. எங்கள் ஜனாஸாவைத் தோளில் சுமந்து நடந்தே கொண்டுசெல்கிறோம். நகருக்கு வெளியே தொலைவில் இடம் கொடுத்தால் எப்படிச் சுமப்பது? இருக்கும் நிலம் எங்களுக்கு முறையாக வழங்கப்பட்டது. அதை மூட உங்களுக்கு என்ன உரிமை?

ஜனாஸாவை வாகனத்தில் கொண்டுசெல்லக் கூடாதா என்று இன்று கேட்போர் உண்டு. தேவைக்குக் கொண்டுசெல்லலாம், ஃபிக்ஹு நூல்கள் அதற்கு இடம் தருகின்றன. சுமந்து செல்வதே சிறப்பு. ஆயினும் அன்றைய பிரச்சினையை வெறும் ஃபிக்ஹு மஸ்அலாவாக மட்டும் பார்த்தால் அம்மக்களுக்கு நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம். அடிமைத்தனம் ஒழிந்து ஐம்பது ஆண்டுகளே ஆன சமூகம் அது. உயிரோடிருந்தபோது யார் யாரோ விலைபேசித் தூக்கிச் சென்ற உடலை, இறந்த பிறகாவது சொந்தச் சகோதரர்கள் தோளில் தூக்க வேண்டும் என்னும் ஏக்கம் அதில் இருந்தது.

1886ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று தானா பாரு மூடப்பட்டது. இரண்டாம் நாள், ஜனவரி 17 அன்று, இறந்துபோன ஒரு குழந்தையின் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 3000 பேர் குன்றின் மேல் ஏறினர். காவலர்கள் பெயர் குறிக்க வந்தனர். குழந்தையை அடக்கினர். திரும்பும் வழியில் கல்லெறியும் கைகலப்பும் மூண்டன. தொண்டர் படை அழைக்கப்பட்டது. அப்துல் பர்ன்ஸ் கைதாகித் தண்டிக்கப்பட்டார். மையவாடி திறக்கப்படவில்லை. அதற்குப் பின் அங்கே அடக்கம் நடைபெறவில்லை.

போராட்டம் தோற்றது என்று எழுதிவிட்டு நகரலாம். ஆனால் அவர்கள் ஒன்றைச் செய்யவில்லை. நிலத்தை விற்கவில்லை. அடக்கம் செய்யத்தான் தடை. உரிமையை எவரும் பறிக்கவில்லை. பயனற்றுக் கிடக்கிறதே, விற்று வேறு நற்காரியம் செய்யலாம் என்று பேசும் புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு, அங்கும் இருந்திருப்பார்கள். புதர் மண்டிக் கபர்க் கற்கள் சாய்ந்தாலும் நிலம் ஜமாஅத்துகளின் கையிலேயே நின்றது. இதன் அருமை நூறு ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

அதற்குள் நிறவெறி ஆட்சி வந்துவிட்டது. 1950இல் குழுப் பகுதிகள் சட்டம் இயற்றப்பட்டது. எந்த இனத்தார் எந்தத் தெருவில் வாழலாம் என்று அரசே கோடு கிழித்தது. போ-காப்பை 1957இல் ‘மலாய்’ மக்களின் பகுதி என்று அறிவித்தனர். கேட்பதற்கு முஸ்லிம்களுக்குச் சாதகம் போலத் தோன்றும். மலாய் என்று வகைப்படுத்தப்படாத அண்டை வீட்டார், அவர்களுள் கிறிஸ்தவர்களும் உண்டு, மூட்டை கட்டி வெளியேற நேர்ந்தது. பழைமை எழில் என்று அப்பகுதியைக் காக்க 1940களிலிருந்தே முயன்ற வெள்ளையரான ஐ.டி. டு பிளெஸிஸ் போன்றோரின் எண்ணத்திலும் இந்தப் பிரிவினை கலந்தே இருந்தது. வீடுகளைக் காத்தார்கள், அண்டை வீட்டாரைப் பிரித்தார்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததாக நபிகளார் (ஸல்) கூறிய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், இத்தகைய பாதுகாப்பை நினைத்து மகிழ இயலாது.

1966ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் போ-காப்பின் ஒரு பகுதி தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்று, நகரின் மறுபுறத்தில் இருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்னும் பகுதி வெள்ளையருக்கு உரியது என்று அறிவிக்கப்பட்டது. பல இன மக்கள் கலந்து வாழ்ந்த பகுதி அது. அடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேர் அங்கிருந்து துரத்தப்பட்டனர். வீடுகள் இயந்திரங்களால் தரைமட்டமாக்கப்பட்டன. ஆனால் பள்ளிவாசல்கள் இடிக்கப்படவில்லை. ஒரு முறை மஸ்ஜித் ஆகிவிட்ட இடம் என்றென்றும் மஸ்ஜிதே. அதை விற்கவோ மாற்றவோ எவருக்கும் உரிமையில்லை என்பதில் அந்நாட்டு உலமாக்கள் உறுதியாக நின்றனர். சுற்றிலும் வெட்டவெளி, நடுவே மியூர் வீதிப் பள்ளிவாசல். கேப் ஃபிளாட்ஸ் என்னும் மணற்பரப்புக்குத் துரத்தப்பட்ட மக்கள் பேருந்தேறி வந்து அங்கே ஜும்ஆ தொழுதனர். ஊர் போனது. பள்ளி நின்றது. பள்ளி நின்றதால் ஊரின் நினைவும் நின்றது.

தோளில் சுமக்கும் வழக்கம் என்னவாயிற்று என்று கேட்கலாம். கிளேர்மான்ட் பகுதிப் பள்ளிவாசலின் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் (ரஹ்) அவர்கள் நிறவெறிக்கு எதிராகக் குரல் கொடுத்ததற்காகச் சிறைப்பட்டு, 1969 செப்டம்பர் 27 அன்று காவலிலேயே உயிர் நீத்தார்கள். மாடிப்படியில் விழுந்தார் என்றது காவல்துறை. 2023இல் நீதிமன்றம் மறு விசாரணை செய்து, சித்திரவதையாலேயே இறந்தார் எனத் தீர்ப்பளித்தது. அந்த ஜனாஸாவைப் பல்லாயிரவர் மௌப்ரே மையவாடி வரை தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்து நடந்தனர்.

இப்போது தானா பாருவுக்குத் திரும்புவோம். கேப் டவுன் வளர்ந்தது. குன்றின் சரிவிலிருந்து கடலும் நகரும் தெரியும். அங்கே நிலத்தின் விலை ஏறியது. காடாய்க் கிடந்த மையவாடியின் மீது கட்டடம் கட்டுவோரின் கண் விழுந்தது. 1980களில் போ-காப் மக்கள் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தனர். அவர்களிடம் பணபலம் இல்லை. அரசு அவர்களுடையதில்லை, வாக்குரிமையும் முறையாக இல்லாத காலம். அவர்களிடம் இருந்த ஆயுதம் ஒரு நூல்.

அஹ்மத் டேவிட்ஸ் என்பவர் போ-காப்பைச் சேர்ந்த சமூகப் பணியாளர். ஓய்வு நேரத்தில் ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து பழைய நிலப் பத்திரங்கள், உயில்கள், நீதிமன்றப் பதிவுகளைப் படித்தவர். 1980இல் ‘போ-காப்பின் பள்ளிவாசல்கள்’ என்னும் நூலை வெளியிட்டார். எந்தப் பள்ளி யாருடைய நிலத்தில் எழுந்தது, இமாம்கள் யார் யார், எந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. 1985இல் தானா பாருவின் வரலாற்றை எழுதினார். அதைப் பாதுகாப்புக் குழுவே வெளியிட்டது. 1805இல் நிலம் யாருக்கு வழங்கப்பட்டது, 1886இல் என்ன நடந்தது, அங்கே அடங்கியிருப்போர் யார் என்பதை அடுக்கி வைத்த நூல் அது. பாழ்நிலம் என்று பேசியவர்களுக்கு இனி அப்படிப் பேச முடியாமற் போயிற்று. 1998இல் அம்மையவாடிக்கென அறக்கட்டளை ஏற்பட்டது. அதே ஆண்டில் டேவிட்ஸ் அவர்களும் இறையடி சேர்ந்தார்கள். தானா பாரு இன்றும் கட்டடம் ஏறாமல் இருக்கிறது.

அவருடைய இன்னொரு பணியையும் சொல்லாமல் விட மனமில்லை. கேப் முஸ்லிம்கள் ஆஃப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். மதரஸா மாணவர்களின் மனப்பாட நோட்டுகள் அவ்வெழுத்தில் வீடுகளில் கிடந்தன. உதுமானிய அரசு அனுப்பி 1863இல் வந்த அபூபக்ர் எஃபந்தி அவர்களின் ‘பயானுத்தீன்’ என்னும் நூல் அவ்வகையில் எழுதப்பட்டு 1877இல் இஸ்தான்பூலில் அச்சானது. ஹனஃபியான அவர் சிங்கி இறால் கூடாது என்று சொல்லப்போய், கடலோர ஷாஃபி மக்களிடம் பெரும் சர்ச்சையில் மாட்டிக்கொண்டது தனிக் கதை. வெள்ளையரின் மொழி என்று கருதப்பட்ட ஆஃப்ரிகான்ஸை அடிமைகளின் பிள்ளைகள் அரபு எழுத்தில் எழுதிப் பயின்ற வரலாற்றை டேவிட்ஸ் அந்த நோட்டுகளைக் கொண்டே நிலைநாட்டினார். அரபுத்தமிழ் கிதாபுகளை நம் பாட்டிமார் ஓதினர். அவர்கள் மறைந்தபின் அவற்றைக் கரையான் தின்ன விட்டதும், கிணற்றில் போட்டதும் நாம்தான்.

துவான் குருவின் குர்ஆன் பிரதியின் கதையும் இப்படியே. 1980களில் அவ்வல் மஸ்ஜிதைப் புதுப்பித்தபோது மேற்கூரைப் பரணில் அது கண்டெடுக்கப்பட்டது. இன்று அப்பள்ளியிலேயே கண்ணாடிப் பேழையில் காக்கப்படுகிறது.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தது. இனி யாரும் எவரையும் துரத்த முடியாது. ஆனால் யாரும் எங்கும் வீடு வாங்கலாம். போ-காப்பிலிருந்து நகரின் அலுவலகங்களுக்கு நடந்தே போகலாம். வெளிநாட்டாருக்கும் செல்வந்தருக்கும் அது இனித்தது. வீட்டின் மதிப்பு உயர்ந்தது, அதோடு நகராட்சி வரியும் உயர்ந்தது. தையற்காரர், கொத்தனார், தச்சர் குடும்பங்கள் அவ்வரியைக் கட்டத் திணறின. தந்தை மறைந்தால் ஐந்து பிள்ளைகளுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். வீட்டை ஐந்தாக உடைக்க முடியாது. விற்றுப் பங்கிட்டனர். விற்றவர்களை நாம் குறை கூறவில்லை. ஃபராயிள் சட்டப்படி பங்கு கேட்பது அவரவர் உரிமை. ஆயினும் வீடு ஒன்று கைமாறும்போதெல்லாம் பள்ளியின் ஸஃப்பில் ஓர் இடம் காலியாகிறது. புதிதாக வந்தோரில் சிலருக்குப் பாங்கொலியே தொந்தரவாகத் தோன்றிப் புகார் எழுதிய செய்தியும் உண்டு.

பகுதியின் குடியிருப்போர் சங்கம், மரபுப் பாதுகாப்பு வலயமாக அறிவிக்குமாறு நகராட்சியைப் பல ஆண்டுகளாகக் கேட்டது. கோப்பு நகரவில்லை. அதனிடையே வானுயர் கட்டடங்களுக்கு அனுமதி கிடைத்துக்கொண்டிருந்தது. 2018ஆம் ஆண்டு ரமளானில் இளைஞர்கள் வீதியில் இறங்கினர். சாலையை மறித்தனர், டயர்களையும் எரித்தனர். பிறருக்கு இடையூறான பின்னதை நாம் ஏற்கமாட்டோம். பின்னர் அவர்கள் தேர்ந்த வழி அழகானது. மாலை நேரத்தில் வீதியின் நடுவே விரிப்புகளை விரித்து, வீட்டுக்கு வீடு உணவு சமைத்து வந்து, ஊரே ஒன்றாக நோன்பு திறந்தது. நோன்பு திறப்பதை அங்கே ‘புக்கா’ என்பர், பெருநாள் ‘லபாராங்’. மூதாதையர் கொண்டுவந்த மலாய்ச் சொற்கள் இன்னும் நாவில் இருக்கின்றன. உள்ளூர் மக்களுக்கு எட்டும் விலையில் வீடு, சுற்றுலாப் பேருந்துகளுக்குக் கட்டுப்பாடு, மரபுப் பாதுகாப்பு ஆகியவை அவர்களின் கோரிக்கைகள்.

அவ்வாண்டு நவம்பரில் ஒரு கட்டடத் தளத்துக்குப் பாரந்தூக்கி இயந்திரம் கொண்டுவரப்பட்டபோது முதியவர்களும் பெண்களும் வழிமறித்து நின்றனர். காவல்துறை ஒலிக் குண்டுகளை வீசியது. அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. 2019 மார்ச் மாதத்தில் நகரவை மரபுப் பாதுகாப்பு வலயத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில் பள்ளிவாசல்கள் உட்பட போ-காப்பின் 19 இடங்கள் தேசிய மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

எல்லாவற்றிலும் வென்றார்களா என்றால், இல்லை. போ-காப்பின் எல்லையில் பாய்ட்டன்கிராக்ட் வீதியில் எழவிருந்த பதினெட்டு மாடிக் கட்டடத்தை எதிர்த்து அச்சங்கம் வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றத்தில் தோற்றது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகராட்சியின் அனுமதியைச் செல்லும் என்றே கூறியது. மரபு வலயச் சட்டத்துக்கும் எல்லை உண்டு. சுவரின் உயரத்தை, சன்னலின் அமைப்பை, முகப்பின் வடிவத்தை அது கேட்கும். உள்ளே குடியிருப்பவர் யார் என்று கேட்காது. முகப்பு மாறாமலே ஒரு வீதி முழுதும் கைமாறிவிடலாம்.

இருநூறு ஆண்டுகளையும் ஒருசேரப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது இதுதான். கைதியின் மகனும் அடிமையின் மகளும் அல்லாஹ்வுக்கென்று எழுதிவைத்தவை நிற்கின்றன. கம்பெனியும் ஆங்கிலேயரும் நிறவெறியரும் சந்தை விலையும் அவற்றை அசைக்க முடியவில்லை. தனிச் சொத்தாக இருந்த வீடுகள்தாம் ஒவ்வொன்றாகப் போகின்றன. கைபரில் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தருமம் செய்யுமாறு நபிகளார் (ஸல்) வழிகாட்டினார்கள். விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுரிமையாகாது என்னும் நிபந்தனையோடு உமர் (ரலி) அவர்களும் அதை விட்டுவைத்தார்கள். மதரஸாவில் வக்ஃபு பாடத்தில் இதை ஓதியபோது ஒரு சட்டமாகவே ஓதினோம். போ-காப்பின் வரலாற்றைப் படித்தபின் அந்த மூன்று நிபந்தனைகளும் எந்த மூன்று வாசல்களை அடைத்தன என்பது விளங்கிற்று.

ஆனால் நிபந்தனை மட்டும் போதாது, எழுத்து வேண்டும். 1805இன் பத்திரம் இல்லாதிருந்தால் 1985இன் நூல் இல்லை. நம் நாட்டிலும் 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே ஒரு சொத்து வக்ஃபாகும் என்னும் பிரிவை இனி வருவனவற்றுக்கு இல்லாமல் செய்துவிட்டது. இருக்கும் வக்ஃபுகளின் விவரங்களை மத்திய இணையதளத்தில் பதியவும் கட்டளையிட்டது. அச்சட்டத்தின் நியாய அநியாயம் உச்சநீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. அதைப் பற்றி ஜும்ஆ பயான்களில் பேசியுமிருக்கிறோம். அது ஒருபுறம் இருக்க, பாட்டனார் வாய்மொழியாகச் சொன்ன எல்லையும், மையவாடியின் மூலையில் இருந்த புளியமரமும் இனிச் சான்றாக எடுபடுமா என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

எனவே ஜமாஅத்தார்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல், மையவாடி, மதரஸா, வக்ஃபு வீடு, கடை ஆகியவை தொடர்பான பழைய பத்திரம், வரி ரசீது, கந்தாயச் சீட்டு, பாட்டனார் எழுதிய கடிதம், அரபுத்தமிழில் எழுதிய குறிப்பு, பழைய நிகழ்ச்சியின் புகைப்படம் என எது வீட்டுப் பெட்டியில் இருந்தாலும், இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படிக்க முடியாத கையெழுத்தாக இருப்பினும் தயங்க வேண்டாம், அமர்ந்து படிப்போம். நகல் எடுத்துக்கொண்டு அசலை அப்பொழுதே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவோம்.